யார் முதலில் கையை நீட்டுவது

சின்ன மாமா, அதாவது என் மாமனாரின் தம்பி, கெட்ட மனிதர் இல்லை. அல்சைமர் என்ற மறதிநோய் முற்றிய அண்ணனைப் பார்ப்பதற்காகவே தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். வரும்போதெல்லாம், அண்ணனால் இப்போது ஒரு விள்ளலுக்கு மேல் விழுங்க முடியாது என்று தெரிந்தும், அரைக்கிலோ அசோகா அல்வா வாங்கி வருகிறவர். அவர்தான் போன முறை கேட்டார்: "அஞ்சு நிமிஷம் போனா நீ செஞ்ச எதுவும் அண்ணனுக்கு ஞாபகம் இருக்கப் போறதில்ல. அப்புறம் எதுக்கு இவ்வளவு மெனக்கெடறே? பேசாம டிவியப் போட்டு உக்கார வெச்சுடேன்." பதில் சொல்லாமல் காபி கலக்கப் போய்விட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. சொல்வதற்கு உருப்படியாக எதுவும் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் பால் பொங்கும்போது ஆரம்பித்த யோசனை அதற்குப் பிறகு அடங்கவே இல்லை. அவர் கேட்டது அவருடைய கேள்வி மட்டும் இல்லை. அண்ணா நகரிலிருந்து தாம்பரம் வரைக்கும், வீட்டில் இப்படி ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்திருக்கும் எல்லாரும் மனதுக்குள் கேட்டுக்கொள்வதுதான்.

மாமா, அதாவது என் மாமனார், பல்லவன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர். 1972-இல் தொடங்கிய கழகத்தில் சில வருடம் கழித்துச் சேர்ந்து, அது மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆன பிறகு ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் 29சி. பெரம்பூர், புரசைவாக்கம், ஜெமினி, லஸ், அடையாறு, பெசன்ட் நகர் என்று அந்த ரூட்டை உறக்கத்தில்கூடச் சொல்வார் என்பார்கள். இப்போது சொல்வதில்லை. அல்சைமரின் கடைசிப் பகுதியை அமெரிக்க மருத்துவர் பாரி ரெய்ஸ்பெர்க் படிப்படியாகப் பிரித்து எழுதியிருக்கிறார். முதலில் பேச்சு நாளுக்கு அரை டஜன் சொற்களாகச் சுருங்கும், அப்புறம் ஒற்றைச் சொல்லாகும், அப்புறம் துணையில்லாமல் நடப்பது போகும், அதற்கும் பிறகு பிடிமானம் இல்லாமல் உட்கார்வது, சிரிப்பது, கடைசியில் தலையை நிமிர்த்தி வைத்திருப்பது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மாமா இருப்பது நடை போன இடத்தில். மிஞ்சிய சொல் "சரி." சாப்பாடு நீட்டினாலும் சரி, ஊசி போட்டாலும் சரி. அடுத்துப் போகப் போவது உட்காருவது என்றால், இந்த நாற்காலியில் இருக்கும் காலத்துக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது இல்லையா? டிவியைப் போட்டுவிட்டு நகர என்னால் முடியாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

டிவி அவர் பார்ப்பதும் இல்லை. சீரியலில் யாராவது கத்தினால் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அதைப் "பார்க்கிறார்" என்று நாம் நம்பிக்கொள்ளலாம்.

வெரிகுட் தாத்தா

வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் சில காலம் பகல் நேரக் காப்பகம் ஒன்றில் விட்டோம். பெயர் வேண்டாம். சுத்தமான இடம், நல்ல மனிதர்கள். சுவரோரமாகப் பதினைந்து இருபது நாற்காலி. பதினொரு மணிக்கு "ஆக்டிவிட்டி". எல்லார் மடியிலும் ஒரு பலகை, அதன்மேல் எல்.கே.ஜி. பிள்ளைகளின் வண்ணப் புத்தகம், கையில் ஒரு கிரேயான். ஆப்பிளுக்குச் சிவப்பு அடிக்க வேண்டும். யாராவது ஒரு கோடு இழுத்துவிட்டால் அங்கே பார்த்துக்கொள்ளும் பெண் கைதட்டி "வெரிகுட் தாத்தா" என்பாள். மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா ஒரு காலத்தில் தலைமை ஆசிரியை. கிரேயானை அவர் கையில் திணித்தபோதெல்லாம் அதைத் தள்ளிவிட்டார். பிறகு ஒருநாள் பலகையோடு தள்ளினார். அன்றைய பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே "அக்ரஸிவ்" என்று எழுதியிருந்தார்கள். ஆயுள் முழுக்கப் பிள்ளைகள் நோட்டைத் திருத்திய ஒருவர், ஆப்பிளுக்குக் கலர் அடிக்க மறுப்பதில் முரட்டுத்தனம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணையும் குறை சொல்ல மனமில்லை. இருபது பேருக்கு அவள் ஒருத்தி, கூட ஒரு ஆயா. டயப்பர் மாற்ற வேண்டும், கஞ்சி ஊட்ட வேண்டும், நாற்காலியிலிருந்து நழுவுகிறவர்களை மேலே இழுத்து உட்கார வைக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பப்படும் அட்டெண்டர்கள் கதையும் இதுதான். குளிப்பாட்டுவது, சோறு, மாத்திரை, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது, இவை வேலையில் வரும். ஒருவருக்கு எதிரே கால்மணி நேரம் உட்கார்ந்து அவர் கை அசைவதற்காகக் காத்திருப்பது எந்தச் சம்பளக் கணக்கிலும் வராது. டாக்டர்கள் மட்டும் ஒவ்வொரு தடவையும் "அவரை எங்கேஜ்டா வெச்சுக்கோங்க" என்பார்கள். எப்படி என்று கேட்டால் செஸ், சுடோகு, குறுக்கெழுத்து. மாமாவுக்கு ஸ்பூனின் எந்தப் பக்கம் வாய்க்கு என்பதே சந்தேகம்.

தேடியதில் தெரிந்தது, இருக்கிற நல்ல முறைகள் பலவும் எங்களுக்கு முந்திய ஸ்டேஷனிலேயே நின்றுவிடுகின்றன. 'அறிவுத் தூண்டல் சிகிச்சை' என்று ஒன்று, இங்கிலாந்தில் உருவானது. குழுவாக உட்கார்ந்து 14 அமர்வுகள், பேச்சு, பாட்டு, பழைய பொருட்கள், சொல் விளையாட்டு. அண்ணா நகரில் இருக்கும் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தில் அதைத் தமிழுக்கும் நம் ஊர் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றியே நடத்தியிருக்கிறார்கள். ஆனால் அது லேசான, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கானது. அந்த நிலையில் யாராவது வீட்டில் இருந்தால் தாமதிக்காமல் போய்ப் பாருங்கள். எங்கள் பஸ் அந்த நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது.

எங்களுக்குக் கொஞ்சம் ஒட்டியது கேமரன் கேம்ப் என்ற அமெரிக்க உளவியலாளரின் யோசனை. 1990-களில் அவர் மாண்டிசோரி வகுப்பறை முறையை மறதிநோய்க்காரர்களுக்குக் கொண்டுவந்தார். ஒரு தட்டில் ஒரே வேலை, கையால் தொட்டுச் செய்யும் நிஜப் பொருட்கள், இடமிருந்து வலம், தோற்றுப்போவதற்கு இடமில்லாத படிகள். மரியா மாண்டிசோரியே 1939-இல் நம் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, உலகப் போர் நடந்த வருடங்களை இந்தியாவில்தான் கழித்தார். 29சி போகும் வழியில் எத்தனையோ தடவை மாமா அந்தச் சபை வாசலைக் கடந்திருப்பார். இருக்கட்டும். கேம்ப் வழிச் செல்பவர்கள் முக்கியமாகச் சொல்வது, அந்த மனிதர் முன்பு செய்த வேலையிலிருந்து தொடங்குங்கள் என்பது. கண்டக்டர் என்றால் என்ன? சில்லறை. ஒரு கறுப்புத் தட்டில் ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய் நாணயங்களைக் கலந்து வைத்து, பக்கத்தில் மூன்று கிண்ணம் வைத்தேன். என் கணவர் தன் அப்பாவின் பழைய நண்பர் ஒருவரிடமிருந்து நாலைந்து அச்சு டிக்கெட்டுகள்கூட வாங்கி வந்தார். தட்டு அவர் முன்னால் இருந்தது. அவர் தட்டுக்குப் பின்னால் இருந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை.

கீரைக்காரம்மா

நடந்தது வாசலில். எங்கள் ஹால் சின்னது. காற்றுக்காக மாமாவின் நாற்காலியைக் கதவோரம் போட்டிருப்போம். காலையில் கீரைக்காரம்மா வந்தார். நான் உள்ளே நின்றேன். மாமாவைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அக்கா, வியாசர்பாடியிலிருந்து வருகிறவர், வாசல்படிக்கு அந்தப் பக்கம் நின்று கீரைக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, இத அவங்ககிட்ட குடுத்துடுங்க" என்று மாமாவுக்கு முன்னால் கையை நீட்டிப் பத்து ரூபாய் நோட்டைக் கொடுக்கப் போனேன். அக்கா பார்க்கவில்லை. நோட்டு மாமாவின் மார்புக்கு நேரே ஆடிக்கொண்டு நின்றது.

மாமாவின் கை எழுந்தது. நாங்கள் குளிப்பாட்டத் தூக்கினால் கட்டைபோல விறைத்துக்கொள்ளும் அதே கை. நோட்டை வாங்கியது. தொடைமேல் வைத்து நீளவாக்கில் ஒரு மடிப்பு, கட்டை விரல் நகத்தால் அதன்மேல் ஒரு தேய்ப்பு, அப்புறம் இடது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஒரு செருகல். சென்னை பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் பார்த்த செருகல்தான். வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன்: இங்கே கண்டக்டர் பெரும்பாலும் தன் சீட்டிலிருந்து எழுந்து வரமாட்டார். காசு கை மாறிக் கை மாறி அவரிடம் போகும், டிக்கெட்டும் பாக்கியும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யும் உத்தியோகம். செருகிய பிறகு மாமாவின் வலது கட்டை விரல் இடது உள்ளங்கையில் எதையோ தள்ளிப் பார்த்தது. திரும்பவும் தள்ளியது. அங்கே ஒன்றும் இல்லை. உள்ளங்கையைக் குனிந்து பார்த்தார்.

எங்களில் யாருக்கும் முதலில் ஓடாதது கீரைக்காரம்மாவுக்கு ஓடியது. "அய்ய, கண்டக்டரு காசு வாங்கிக்கினாரு, டிக்கெட்டு எங்க?" என்று சிரித்தார். அந்தத் தெருவில் அவரை எல்லாரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா ஒரு நொடி யோசித்தார். சுவரில் ஆணியில் தொங்கிய தினசரி காலண்டரை, நகைக்கடையில் கொடுத்தது, உள்ளங்கை அகலம்தான் இருக்கும், கழற்றி மாமாவின் இடது கையில் வைத்தார். கட்டை விரல் ஏறி, அழுத்தி, இழுத்தது. அன்றைய தேதி கிழிந்து வந்தது. அதைக் கீரைக்காரம்மாவின் பக்கம் நீட்டினார். அவர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "பாக்கி வேணாம் நைனா" என்றார். "சரி" என்றார் மாமா.

அந்தச் "சரி"யை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை. எதற்கும் சரி சொல்கிறவர். ஆனால் முகம் திரும்பியிருந்தது, சொன்னவரைப் பார்த்து.

நாணயத் தட்டும் கண்டக்டர் வேலைதான், நோட்டும் கண்டக்டர் வேலைதான். ஒன்று ஏன் கிடந்தது, ஒன்று ஏன் பிடித்தது? நான் படித்துப் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். அல்சைமர் நோய் முதலில் கை வைப்பது நேற்றைக்கும் இன்றைக்கும் நடந்ததைப் பதிந்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில். கை பழகிய பழக்கம் தங்கியிருப்பது வேறு இடத்தில், மூளையின் அடியில் உள்ள நரம்பணுத் திரள்களிலும் சிறுமூளையிலும். அவை தாமதமாகத்தான் சேதமாகின்றன. இரண்டும் தனித்தனி என்பது பழைய செய்தி. 1953-இல் வலிப்புக்காக அறுவை சிகிச்சை செய்யப்பட்ட ஹென்றி மொலைசன் என்பவருக்கு அதற்குப் பிறகு புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் அவருக்குக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தபோது அவர் கை நாளுக்கு நாள் தேறியது. அவருக்கோ ஒவ்வொரு நாளும் அது முதல் நாள். ஆக, பழக்கம் இருக்கிறது. இல்லாமல் போனது தொடக்கம். எந்த வேலையையும் "சரி, ஆரம்பிப்போம்" என்று கிளப்பிவிடுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. அது கெட்டுப்போனால் தட்டு நிறையச் சில்லறை கிடந்தாலும் கை எழாது. சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் நாம் திட்டுவது பாதிக்குமேல் இதுதான். தட்டு யாரையும் எதுவும் கேட்காது. நீட்டிய நோட்டு கேட்கிறது.

என் மருத்துவத் தோழி ஒருத்தி, கடைசிக் கட்டத்தில் உள்ளங்கையில் எது பட்டாலும் கை மூடிக்கொள்ளும், பிறந்த குழந்தைக்கு இருக்கும் அனிச்சை திரும்பி வருகிறது, அதுவாக இருக்கும் என்றாள். இருக்கலாம். எந்த அனிச்சை நோட்டை நீளவாக்கில் மடிக்கும் என்று கேட்டேன். அதற்கு அவளிடம் பதில் இல்லை.

அதிலிருந்து வீட்டில் ஒரு முறை உருவானது. குளித்துச் சாப்பிட்ட பிறகு, வெயில் ஏறுவதற்குமுன். டிவி அணைந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி கூடாது, அது சரியும். கைப்பிடி உள்ள மர நாற்காலி, இடுப்பு பின்னால் ஒட்டி, இரண்டு பக்கமும் தலையணை, பாதம் தொங்காமல் கீழே மணைப்பலகை. கால் ஊன்றவில்லை என்றால் கை வேலை செய்யாது. உட்கார்ந்திருக்கிறோம் என்ற நம்பிக்கையே உடம்புக்கு வராது போல. (நழுவாமல் இருக்க வேட்டியால் நாற்காலியோடு கட்டி வைப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கட்டிய மனிதர் எதையும் வாங்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். அவர் முழு நேரமும் அவிழ்ப்பதிலேயே இருப்பார்.) நேருக்கு நேர், கண் மட்டத்தில் உட்கார வேண்டும், ஏனென்றால் பக்கவாட்டில் வருவது இந்த நோய் முற்றியவர்கள் பார்வையில் பெரும்பாலும் விழுவதில்லை. நோட்டை மார்புக்கு நேரே நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டம். நாம் நீட்டிய கையோடு "வாங்குங்க மாமா, இந்தாங்க, பாருங்க, பத்து ரூபாய்" என்று பேசிக்கொண்டே போவோம். ஒரு வாக்கியம் அவர் மூளைக்குள் போய்ச் சேர்வதற்குள் அடுத்த வாக்கியம் அதன்மேல் ஏறிவிடும். பேசாமல் இருந்தால், சில சமயம் நம் கை வலிக்கும்வரை இருந்தால், அவர் கை வரும். முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான். பத்து நிமிடம் ஓடினால் நல்ல நாள்.

கண்டக்டர் வேலை பார்க்காதவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பக்கத்து பிளாக்கில் ஒரு பாட்டிக்கு முருங்கைக்கீரை. கட்டை அப்படியே முன்னால் வைத்தால் சும்மா பார்ப்பார். பேத்தி ஒரு காம்பின் அடியைத் தான் பிடித்துக்கொண்டு நுனியைப் பாட்டி பக்கம் நீட்டினால், விரல் தானாக உருவிக்கொண்டு போகிறது. எல்லாரும் எடுத்த எடுப்பில் சொல்வது பூ கட்டுவது. செய்யலாம், ஆனால் அரளி மட்டும் வேண்டாம். அது விஷம், இந்த நிலையில் எது வாய்க்குப் போகும் என்று சொல்ல முடியாது. பல்லாங்குழிச் சோழி, புளியங்கொட்டை எல்லாவற்றுக்கும் அதே பயம்தான்.

நாடகமா?

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. முதல் தடவை பார்த்ததும் அறைக்குள் போய்விட்டார். ராத்திரி, "எங்கப்பாவ வெச்சு டிராமா போடறீங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு காலத்தில் கூட்ட நெரிசலில் பஸ்ஸையே அதட்டி நிறுத்தியவர், இன்று ஹாலில் உட்கார்ந்து காலண்டர் தாள் கிழிப்பதைப் பார்க்க மகனுக்கு வலிக்கும். வண்ணப் புத்தகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். நாங்கள் பஸ் என்று சொல்வதில்லை, விசில் ஊதுவதில்லை, "கண்டக்டர் சார், அடையாறு ஒண்ணு" என்று நடிப்பதில்லை, பணத்தை நீட்டுகிறோம், அவ்வளவுதான் என்றேன். அவருக்குத் தன் மனதில் அது பஸ்ஸா, வீடா, இரண்டும் இல்லாத ஏதோ ஒன்றா, யார் கண்டது? வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுவது, ஆப்பிளுக்குக் கலர் அடித்தால் அது யாருக்கும் வேண்டாம். தாளைக் கிழித்து நீட்டினால் எதிரே வாங்க ஒரு கை இருக்கிறது. கைதட்டல் தேவையில்லை. வாங்கிக்கொண்டாலே போதும். கணவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இதில் அவர் உட்காருவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஷேவ் செய்துவிடுகிறார். அவர் கன்னத்தை இழுத்துப் பிடித்தால் மாமா தானாக நாக்கை உள்ளிருந்து கன்னத்துக்கு முட்டுக் கொடுக்கிறார். அதுவும் இதே வகைதான் என்று நான் சொல்லிக் காட்டவில்லை.

சின்ன மாமாவின் கேள்விக்கு வருகிறேன். 2014-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படக் காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் படம் என்ன என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது, ஆனால் சோகமும் மகிழ்ச்சியும் படத்தின் நினைவைத் தாண்டி நின்றன. அவர்கள் மாமா அளவுக்கு முற்றியவர்கள் இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள்தான். அதனால் அதை அப்படியே இவருக்குப் பொருத்திப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. நான் பார்ப்பதைச் சொல்கிறேன். நோட்டு வாங்கிய நாளில் மத்தியானச் சாதம் தகராறில்லாமல் போகிறது, பெரும்பாலும். பொழுது சாயும் நேரத்து முனகல் சில நாள் குறைகிறது, சில நாள் குறைவதில்லை. நோய் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. அப்படியே ஒரு பலனும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பத்து நிமிடம் அவர் எதிரே இருப்பவரைப் பார்க்கிறார். நாம் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாடு எதுவும் நமக்கும் ஞாபகம் இல்லை, அதற்காக யாரும் இலை போடாமல் இருந்ததில்லை. இதைத்தான் சின்ன மாமாவிடம் அன்றே சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை.

இப்போது மடிப்பு போய்விட்டது. நோட்டைக் கசக்கிப் பிடித்துக்கொள்கிறார். கிழிப்பது இருக்கிறது, ஆனால் தாள் சில சமயம் வாய்ப் பக்கம் போகிறது, அதனால் அக்கா ஒரு கையைத் தயாராக வைத்திருப்பார். டீபா ஸ்னோ என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் கற்றுத்தரும் ஒரு முறை இந்தக் கட்டத்தில் உதவுகிறது: நம் கையை அவர் கைக்கு அடியில் கொடுத்து, அவர் கை மேலே இருக்கும்படி சேர்ந்து செய்வது. ஸ்பூன் பிடிக்கவும் அதுதான். இதுவும் போன பிறகு செய்வதற்கு, ஜாய்ஸ் சிமார்ட் என்பவர் 2003-இல் தொடங்கிய 'நமஸ்தே கேர்' என்ற முறை இருக்கிறது: அமைதியான அறை, கைக்கு எண்ணெய் தடவி நீவிவிடுதல், பழகிய வாசனை, மெல்லிய பாட்டு. தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி நீவிவிடுவது நம் வீடுகளில் யாரும் சொல்லித் தராமலே நடந்துகொண்டிருந்த காரியம். அதற்கும் நேரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதைய தலைவலி காலண்டர். எங்கள் வீட்டுக் காலண்டர் பிப்ரவரிக்குள் டிசம்பரைத் தாண்டிவிட்டது. சிவகாசியில் ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போட்டாலும் கடைக்கு வர மார்கழி ஆகும். பாரிமுனையில் ஒரு கடைக்காரர் விற்காமல் தங்கிய போன வருடத்துக் கட்டுகளைப் பழைய பேப்பர் விலைக்கே கொடுத்தார், ஆனால் பாதி பெரிய சைஸ், ராசிபலனும் பொன்மொழியும் அச்சடித்த அகலத் தாள். அது அவர் கட்டை விரலுக்கு அடங்கவில்லை. சின்ன சைஸ்தான் வேண்டும், மேலே தகரப் பட்டி அடித்தது. நூலால் தைத்தது என்றால் தாள் முழுசாகக் கிழிந்து வராது, பாதியில் நிற்கும், அவரும் பாதியில் நின்றுவிடுகிறார். அடுத்த வாரம் திரும்பவும் பாரிமுனை போக வேண்டும்.